சம்பந்தி குடிக்காத காபி

ஜனவரி 21, ஞாயிறு

இன்றைக்கு மானம் போயிற்று. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மகன் அரிகரனுக்குப் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் அப்பா சிதம்பரதாணு, நாகர்கோவிலிலிருந்து மனைவியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தார். இடையில் நின்று பேசுகிறவர் என் அக்காள் வீட்டுக்காரர் பிரமு அத்தான். பையன் புனேயில் வேலை பார்க்கிறான். அவனைப் போன மாதமே பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. இனி வீடுதான் பிடிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் சொந்த வீடு, மாடியில் தனி அறை, வற்றாத கிணறு. யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு என் மனைவி வடிவு காபி கொண்டுவந்தாள்.

எங்கள் பக்கத்தில், பெண் கொடுக்க மனமில்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபியைக் குடித்துவிட்டால் பாதிச் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதனால் நானும் அத்தானும் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிதம்பரதாணு ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு தினுசாகப் போயிற்று. டம்ளரைக் கீழே வைத்தார். அதைப் பார்த்த அவர் மனைவியும் தம்பியும் தங்கள் டம்ளரைத் தொடவே இல்லை. "அப்போ நேரமாச்சு, வாரோம்" என்று எழுந்துவிட்டார்கள். அத்தான் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அவர்கள் போன பிறகு என் டம்ளரை எடுத்து முகர்ந்தேன். அடிப்பிடித்த பால் வாடை குப்பென்று அடித்தது. எனக்கு இது புதிதில்லை. ஆனால் இன்றைய அவமானத்தில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் வடிவு ஒரு வாய்க் காபியைக் கொண்டுவந்து, "எப்படிங்க இருக்கு? சரியா இருக்கா?" என்று கேட்டாள். வழக்கம்போலப் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பியதும் வாஷ்பேசினில் ஊற்றினேன். ஆட்கள் வருகிற நேரத்தில் அவளை அழ வைக்கவா முடியும்? தீபாவளிக்கு வந்த காய்ச்சல் விட்டு எழுந்து அவள் வைத்த முதல் ரசத்தைக் கழனித்தண்ணி என்று சொல்லப்போய், அன்றைக்குப் பூராவும் அழுதாள். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் பிரமாதம்தான். குடும்பம் நடத்தத் தெரிந்தவன் செய்கிற காரியம் இது.

ஜனவரி 22, திங்கள்

காலையிலிருந்து வடிவு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "காபி நல்லாத்தான இருந்துச்சு? நீங்க குடிச்சுப் பாத்துச் சொன்னியளே?"

"காபிக்கு என்ன? அவங்க சம்பிரதாயம் பாக்குறவங்க" என்று சமாளித்தேன்.

மத்தியானம் அத்தான் போன் செய்தார். "மாப்ளே, சம்பந்தம் போகல. அவருக்கு வீடு, பையன் எல்லாம் பிடிச்சிருக்கு. அப்புறம் ஏன் காபியக் குடிக்கலன்னு கேட்டேன். மனுசன் நெளியுதாரு. 'அண்ணாச்சி, குடிக்க முடியல, ஒரே கருகல் வாடை'ங்காரு. மாசி பிறந்ததும் பொண்ணோட தாய்மாமனக் கூட்டிட்டு இன்னொரு தடவ வாராவளாம். அன்னைக்கு ஒழுங்கா ஒரு காபி குடுங்கப்பா. தாய்மாமன் பொல்லாதவரு."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் கௌரவமாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் வீட்டைப் பற்றி நாகர்கோவிலில் இப்போது பேசுவது கருகல் வாடையைத்தான்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மெஷின் வாங்கப்போகிறேன்.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றத்துக்குக்கூடப் போகவில்லை. யூடியூபிலேயே பொழுது போயிற்று. எஸ்பிரெசோ மெஷின் என்பது ஒரு தனி உலகம். அதில் பேசுகிறவர்கள் எல்லோரும் தாடி வைத்திருக்கிறார்கள், ஒருவரும் அவசரப்படுவதில்லை. எனக்குப் புரிந்தது இதுதான். எல்லாம் ஒன்றாக அடங்கிய மெஷினிலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கொட்டையை அதுவே அரைத்துக் கொடுக்கும், ஆனால் பொடியைக் கைப்பிடிக் கிண்ணத்தில் அமுக்கி மாட்டுவதும், ஆவிக் குழாயில் பாலை நுரைக்க வைப்பதும் நம் பொறுப்பு. இன்னொன்றில் மேலே கொட்டையைப் போட்டு, தண்ணீரும் பாலும் ஊற்றி, பொத்தானை அமுக்கினால் போதும். காபி தானாக வந்து விழும். முதல் வகையில்தான் ருசி அதிகம் என்று தாடிக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு ருசி அதிகம் வேண்டாம். ருசி கெடாமல் இருந்தால் போதும். யார் கையும் படாத மெஷின்தான் வேண்டும்.

அடுப்படி மேடையை டேப் வைத்து அளந்தேன். மிக்ஸியை நகர்த்தினால் இடம் வந்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் என்பதால் உப்புப் படியாது, அது ஒரு லாபம்.

வடிவு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எதுக்குங்க நமக்கு?"

"உனக்குச் சிரமம் வேண்டாம்னுதான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ அளவு, பக்குவம் எல்லாம் அதுவே பாத்துக்கிடுமா?" என்று ஆவலாகக் கேட்டாள். சமையலில் இவ்வளவு சோம்பேறித்தனம் இவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

தெருவில் சின்ன ரகளை. பூக்காரியிடம் வடிவு சண்டை போட்டுவிட்டாள். "இதெல்லாம் ஒரு பிச்சியா? வாசனையே இல்ல. என்னத்த ஊசிப்போன பூவ விக்கிற" என்று சத்தம். பூக்காரி நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "ஏம்மா, வாசல்ல நிக்கேன், தெரு மொனை வரைக்கும் மணக்கு. ஒங்களுக்கு மட்டும் மணக்கலயா?" என்றாள். உண்மையிலேயே கும்மென்று மணத்தது. பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் வந்து சமாதானம் செய்து பூவை வாங்கிக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன். வயதாக ஆக வடிவுக்கு வாய் நீளுகிறது.

பிப்ரவரி 3, சனி

மெஷினுக்குச் சொல்லிவிட்டோம். பொத்தான் வகை. புதன்கிழமை வரும்.

கடையில் நடந்ததை எழுத வேண்டாம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நேற்றிலிருந்து வடிவு சரியாகப் பேசவில்லை. எழுதிவிடுகிறேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

வண்ணார்பேட்டைக் கடையில் ஒரு பெண் எங்களுக்கு இரண்டு மெஷினையும் ஓட்டிக் காட்டினாள். கெட்டிக்காரப் பெண். "வீட்டுல காபி போடுறது மேடம்தான? மேடமே குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்" என்றாள். வடிவு என்னைப் பார்த்தாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னாள். நான்தான் விடாப்பிடியாக, "நீ குடி, உனக்குத்தான வாங்குறோம்" என்றேன்.

மேஜைமேல் சின்னக் கோப்பைகள் இருந்தன. வடிவு ஒன்றை எடுத்துக் குடித்தாள். நன்றாக யோசிக்கிறவள் மாதிரி வாயில் வைத்திருந்துவிட்டு, "நல்லாருக்கு. இதையே வாங்கிருவோம்" என்றாள்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ மேடம், அது மெஷினக் கழுவி விட்ட தண்ணி. காபி இந்தா இருக்கு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் நானும் சிரித்துவிடுவதுதான் மரியாதை என்று பட்டது. "இவளுக்கு நாக்கு செத்துப்போய் ரொம்ப நாளாச்சும்மா. அதனாலதான் மெஷின் வாங்குறோம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இன்னும் பெரிய சிரிப்பு.

வடிவு சிரிக்கவில்லை. கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஆட்டோவில் வரும்போது கேட்டாள், "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"ஒண்ணுமில்ல."

இதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு இவ்வளவா?

பிப்ரவரி 7, புதன்

மெஷின் வந்துவிட்டது. கறுப்பு நிறம், பளபளப்பு. மேலே கொட்டை போடுகிற மூடி, பின்னால் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் பால் ஜாடி. பொத்தானை அமுக்கியதும் உள்ளே கரகரவென்று அரைத்து, நுரையோடு காபி வந்து விழுந்தது. கருகல் இல்லை, வாடை இல்லை. மாசக்கணக்கில் நான் முழுதாகக் குடித்த முதல் காபி. வெட்கத்தை விட்டு எழுதினால், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வடிவுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தேன். "எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றாள்.

கையேடு ஒன்று தடியாக வந்திருக்கிறது. அத்தனை வீடியோ பார்த்தவனுக்கு அது எதற்கு?

பிப்ரவரி 11, ஞாயிறு

இப்போது வீட்டில் காபி என் இலாகா. மெஷினை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வடிவும் அதன் பக்கம் வருவதில்லை. ஆனால் சாம்பார், கூட்டு எதை வைத்தாலும் கரண்டியோடு ஓடி வந்து "எப்படிங்க இருக்கு?" என்று கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பாராட்டுக்கு இப்படியா ஏங்குவாள் ஒரு மனுஷி? இன்றைக்கு அவியலில் தேங்காய் கெட்டுப்போயிருந்தது. பிரமாதம் என்றேன். பாதியை இலைக்கடியில் மறைத்தேன்.

பிப்ரவரி 17, சனி

நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். இன்று கடைசியாக ஒத்திகை பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. மெஷின் காபியில் நம் ஊர்க் காபியின் கெட்டி இல்லை. சிக்கரி இல்லாத காபியை நாகர்கோவில்காரர்கள் காபி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்குப் போய்ச் சிக்கரியைக் குருணையாக வாங்கிவந்து, கொட்டையோடு கலந்து மேலே போட்டு மூடிவிட்டேன். எனக்கு வந்த யோசனை ஒரு தாடிக்காரனுக்கும் வரவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. பையனுக்குக் கல்யாணம் நிச்சயம். சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிதம்பரதாணுவும் அவர் மனைவியும் தாய்மாமனும் வந்து உட்கார்ந்தார்கள். தாய்மாமன் உண்மையிலேயே பொல்லாதவர்தான். வந்ததும், "காபிக்கு மெஷினே வாங்கிட்டியளாமே" என்று சிரித்தார். அத்தான் உளறியிருக்கிறார். நான் நிமிர்ந்து நடந்து அடுப்படிக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினேன். கர்ரென்றது. பிறகு முக்கியது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்து கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மூடியைத் திறந்து விரலை விட்டால், சிக்கரியெல்லாம் பாகாக இளகி அரைக்கும் பல்லில் அப்பிக்கொண்டிருந்தது. தட்டினேன், உலுக்கினேன், அணைத்துப் போட்டேன். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்தக் கீச்சுச் சத்தம் அங்கேயும் கேட்டிருக்கும்.

"வடிவு, நீயே போட்டுரு. டிகாக்‌ஷன் இருக்கா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு காலையில எறக்குனது இருக்கு." அவள் பாலை அடுப்பில் வைத்தாள். "பயப்படாதீங்க. அன்னைக்குப் போட்ட மாதிரியே போட்டுருதேன். அளவு அப்படியே நெனப்புல இருக்கு. நீங்க பிரமாதம்னு சொன்னியளே."

"அன்னைக்கு மாதிரி வேண்டாம்."

"ஏன்?"

"பால் அடிப்பிடிச்சிருந்துச்சு. அதனாலதான் அவரு குடிக்கல."

"நீங்க குடிச்சுப் பாத்துத்தான சொன்னிய?"

கூடத்தில் ஆட்கள். இந்த நேரத்தில் பொய்யை எங்கே தேடுவது? "குடிக்கல வடிவு. பேசின்ல ஊத்திட்டேன்."

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அன்னைக்கு மட்டுந்தானா?"

நான் மெஷின் மூடியைத் திறந்து மூடினேன்.

"எனக்கு அந்தக் காய்ச்சலோட மூக்கு போயிருச்சுங்க" என்றாள். சத்தம் வெளியே போகாமல் பேசினாள். "நாக்கும் போயிருச்சு. உப்பு, புளி, காபி, எத வச்சாலும் மண்ணத் தின்ன மாதிரிதான். ரசத்தக் கழனித்தண்ணின்னு சொன்னியள்லா, அன்னைக்குச் சொல்லிரலாம்னுதான் நெனச்சேன். சமைக்கவே லாயக்கில்லாதவளா ஆயிட்டேனேன்னு வெக்கமா இருந்துச்சு. அழுகதான் வந்துச்சு. அப்புறம் நீங்க தெனம் பிரமாதம், பிரமாதம்னு சொன்னிய. சரி, கை பழக்கத்துல சரியா வந்துருதுன்னு நிம்மதியாயிட்டேன். உங்க நாக்க நம்பித்தாங்க இந்த வீட்டுல அடுப்புப் பத்த வைக்கேன். அந்தக் கடையில நீங்க சொன்னப்போ, இவுகளுக்குத் தெரிஞ்சுருக்கு, தெரிஞ்சுதான் தாங்கிட்டு இருக்காகன்னு நெனச்சேன்."

பால் பொங்கி வந்தது. அவள் கண்ணால் பார்த்து அடுப்பை அணைத்தாள். கலந்தாள். ஒரு டம்ளரில் ஒரு வாய் ஊற்றினாள். நான் கையை நீட்டினேன். எனக்கு இப்போது எப்படியாவது அதைக் குடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சத்தியமாகச் சரியாகச் சொல்லியிருப்பேன்.

அவள் என்னைத் தாண்டிப் பின்கதவைத் திறந்து, "ரெஜினா, ஒரு நிமிசம் வாயேன்" என்று கூப்பிட்டாள்.

டீச்சர் ஈரக் கையோடு வந்து குடித்துப் பார்த்தார். "பால் நல்லாருக்குக்கா. டிகாக்‌ஷன் மட்டும் இன்னுங் கொஞ்சம் விடுங்க." வடிவு விட்டாள். டீச்சர் மறுபடி குடித்தார். "இப்ப சரி."

தட்டை நான் எடுத்துக்கொண்டு போனேன். சிதம்பரதாணு டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார். தாய்மாமன் இன்னொன்று கேட்டார். "மெஷினு பரவாயில்லயே சம்பந்தி" என்றார். வந்ததிலிருந்து அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மெஷின் இல்ல. வடிவு போட்டது" என்றேன்.

"பிரமாதம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கதவோரம் நின்ற வடிவு அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 21, புதன்

காது மூக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காய்ச்சலில் போனது திரும்பி வரலாம், வராமலும் போகலாம், நாளாகும் என்றார். தினமும் லவங்கம், எலுமிச்சை என்று நாலைந்து வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார். "ஏம்மா இவ்வளவு நாள் வரல? வீட்டுல யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார். வடிவு, "நான் சொல்லல டாக்டர்" என்றாள். என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வரும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க, நானும் மறச்சேன்லா" என்றாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

கடையிலிருந்து ஆள் வந்து மெஷினைச் சுத்தம் செய்துகொடுத்தார். வடிவு பொத்தானை அமுக்கப் பழகிக்கொண்டாள். காலையில் காபி வருகிறது. நன்றாகவே இருக்கிறது. டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு உடனே போய்விடுகிறாள். முன்பெல்லாம் நான் ஒரு வாய் குடிக்கும் வரை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நிற்பாள். எனக்கு அது தொந்தரவாக இருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

மத்தியானம் சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டு நானாகவே அடுப்படிக்குப் போனேன். அவள் கூப்பிடவில்லை, போனேன். கரண்டியில் எடுத்து ஊதி, நன்றாக வாயில் வைத்துப் பார்த்தேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாக நான் ருசி பார்த்ததில்லை.

"உப்பு கொஞ்சம் கம்மி வடிவு. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"சரிங்க" என்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. உப்பு ஜாடி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சாம்பாரை ஊற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டு பின்கதவைத் திறந்து மதில் பக்கம் போனாள்.

"ரெஜினா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

நான் அடுப்பருகிலேயே நின்றேன். டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது. "உப்புதான்க்கா கொஞ்சம் கம்மி."

வடிவு திரும்பி வந்தாள். ஜாடியைத் திறந்து உப்பை எடுத்துப் போட்டுக் கிளறினாள். நானும் இதைத்தானே சொன்னேன் என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.